டி.சி. கொடுக்கும் நாளில் எங்கள் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், இந்தக் கல்லூரிகள் இணைவு பெற்றிருக்கும் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும்,

வணக்கம்.

2009-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், நான் படித்த அரசுக் கலைக் கல்லூரியின் அலுவலக ஜன்னலுக்கு வெளியே, கையில் நோ டியூஸ் படிவத்தோடு வரிசையில் நின்றேன். நூலகத்தில் ஒரு கையெழுத்து, லேப்பில் ஒன்று, உடற்கல்வித் துறையில் ஒன்று, என்.எஸ்.எஸ். அலுவலரிடம் ஒன்று. இரண்டாம் ஆண்டில் என் கையிலிருந்து விழுந்து உடைந்த தெர்மாமீட்டருக்குப் பணம் கட்டிய ரசீதைக் காட்டிய பிறகுதான் லேப்பில் கையெழுத்து கிடைத்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அரசுச் சொத்துக்குக் கணக்கு வேண்டும்தான். கடைசியாக எழுத்தர் பேரேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாற்றுச் சான்றிதழை நீட்டினார். நன்னடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். நான் எங்கே போகிறேன், என்னை இனி எப்படிப் பிடிப்பது என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தங்கியிருந்த திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒட்டிக்கொண்டு வேலை தேடினேன். வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு கன்சல்டன்சிக்கு 8,000 ரூபாய் கட்டினேன். அம்மாவின் தோட்டை அடகு வைத்து வந்த பணம் அது. மூன்று மாதம் கழித்துப் போனபோது அந்த அலுவலகத்துக்குப் பூட்டு போட்டிருந்தது. ஏழு மாதம் இப்படியே ஓடியது. அப்புறம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவரோடு பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அவர் என் கல்லூரி, என் துறை, எனக்கு ஆறு வருஷம் சீனியர் என்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் காலிபரேஷன் லேப் ஒன்றில் பொறுப்பாளராக இருந்தார். “ஒரு போன் பண்ணியிருந்தா போதுமேப்பா” என்றார். யார் என்று தெரிந்து யாருக்குப் போன் பண்ணுவது?

அவர் சொல்லித்தான் அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியும். மூன்று வருஷம் வெர்னியர் காலிப்பரும் திருகு அளவியும் வைத்துப் பிராக்டிகல் செய்தவன் நான். மீச்சிற்றளவு என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அதையே நாள் முழுக்கச் செய்து சம்பளம் வாங்கும் லேப்கள் சென்னையைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. நேர்முகத் தேர்வில் என் முன்னால் ஒரு மைக்ரோமீட்டரை வைத்து, அதன் சுழிப்பிழையைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். கை நடுங்காமல் சொன்னேன். இன்றும் அதே துறையில்தான் இருக்கிறேன். அந்தப் பந்தியில் நான் வேறு வரிசையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று இப்போதும் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வேலைக்கான வழியைச் சொல்ல ஒரு சித்தப்பா, ஒரு மாமா, அப்பாவின் நண்பர் ஒருவர் என்று யாராவது இருப்பார்கள். நம் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு மாமாவும் சித்தப்பாவும் பாசத்துக்குக் குறை வைப்பதில்லை. அவர்களுக்கும் இந்த உலகம் தெரியாது என்பதுதான் சிக்கல். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதைப் பற்றி 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். நெருங்கிய சொந்தங்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதிய செய்தி கொஞ்சம் தள்ளியிருக்கும் அறிமுகங்கள் வழியாகத்தான் வரும் என்பது அவர் வாதம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அப்படிப்பட்ட அறிமுகம் எங்கே கிடைக்கும்? தான் உட்கார்ந்த அதே பெஞ்சில் தனக்கு முன்னால் உட்கார்ந்தவர்களிடம்தான். அந்த அறிமுகத்தைக் கல்லூரி நினைத்தால் கொடுக்கலாம். இப்போது அதை டி.சி. கொடுக்கும் நாளில் கை கழுவி விடுகிறோம்.

இராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அரசு ஆடவர் கலைக் கல்லூரியாக இருக்கும் கும்பகோணம் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். பட்டம் இல்லை, வேலை இல்லை. 1910-இல் திருக்கோயிலூரில் துணை கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயரிடம், ஒரு குமாஸ்தா வேலை கிடைக்காதா என்று நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சென்னையிலுள்ள தன் நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அங்கே இருந்தவர்களில் ஒருவர் பி.வி. சேஷு ஐயர். கும்பகோணம் கல்லூரியில் ஏற்கெனவே இராமானுஜனை அறிந்தவர், அப்போது மாநிலக் கல்லூரியில் ஆசிரியர். அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. கேம்பிரிட்ஜ் எல்லாம் அதற்குப் பிறகுதான். நாம் அவருடைய மேதைமையைப் பேசும் அளவுக்கு இந்தச் சங்கிலியைப் பேசுவதில்லை. ஒருவர் இன்னொருவரிடம் அனுப்பி, அவர் வேறொருவரிடம் அனுப்பி, ஒவ்வொருவரும் “இந்தப் பையனை ஒரு தடவை பாருங்கள்” என்று மட்டும்தான் சொன்னார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் எத்தனை பேர் அதே கும்பகோணத்திலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வீடு திரும்பினார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

சரி, இப்போது நடப்பதைப் பேசுவோம். பழைய மாணவர் சங்கம் ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். பல கல்லூரிகளில் இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு கொடுக்கும் நாக் குழு வரப்போகிறது என்றால் அதற்கு உயிர் வரும். 2017 முதல் வந்த நாக் மதிப்பீட்டு முறையில் பழைய மாணவர் ஈடுபாட்டுக்கு 1000-க்கு 10 மதிப்பெண். அந்தப் பத்துக்காகச் சங்கத்தைப் பதிவு செய்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, பேனர் கட்டி, ஜியோ டேக் போட்ட போட்டோ எடுத்துக் கோப்பில் சேர்க்கிறார்கள். அந்தக் கூட்டங்கள் இரண்டுக்கு நானும் வந்திருக்கிறேன். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள், பழைய ஆசிரியர்களைக் கும்பிட்டோம், கண் கலங்கியது, சாம்பார் சாதம் நன்றாக இருந்தது. கடைசியில் ஒரு நன்கொடைப் புத்தகம் சுற்றி வந்தது. ஆயிரம் ரூபாய் எழுதிக் கொடுத்தேன். மனநிறைவோடுதான் கொடுத்தேன். ஆனால் அந்த முழு நாளிலும் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவரைக்கூட என் முன்னால் உட்கார வைக்கவில்லை. தண்ணீர் பாட்டில் கொடுக்க வந்த பையனிடம் நானாகத்தான் பேச்சுக் கொடுத்தேன். மூன்றாம் ஆண்டு இயற்பியல் என்றான். அடுத்து என்ன என்று கேட்டதற்கு, “ஏதாவது பார்க்கணும் சார்” என்றான். 2009-இல் நானும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மென்டார் திட்டமும் இருக்கிறதே என்பீர்கள். அதுவும் உண்மை. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்து, அப்பா பெயர், வருகைப் பதிவு, அரியர் எண்ணிக்கை எல்லாம் நோட்டில் எழுதி வைக்கிறார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். காலியிடங்களைக் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து நிரப்பி, அவர்களுக்கே நாளை வேலை இருக்குமா என்று தெரியாத நிலையில், தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி, தேர்தல் பணி என்று ஓடுகிறார்கள். அவர்களில் பலர் படித்துவிட்டு நேரே கற்பிக்க வந்தவர்கள். ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் எப்படி ஓடுகிறது, ஒரு பி.பி.ஓ.வில் இரவுப் பணி எப்படி இருக்கும் என்று அவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதைச் சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோம்.

பணத்தைப் பற்றிய எதிர்பார்ப்பையும் முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். 2024 ஆகஸ்டில் சென்னை ஐ.ஐ.டி.க்கு அதன் 1970-ஆம் ஆண்டு எம்.டெக். மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி ரூபாய் கொடுத்தார். 2023-24 நிதியாண்டில் அந்த நிறுவனம் திரட்டியது மொத்தம் 513 கோடி. செய்தியைப் பார்த்த நாளில் நம் கல்லூரி முதல்வர்கள் பலர் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் அதற்கென்றே அங்கே முழுநேர அலுவலகம் வைத்து, வருஷக்கணக்காகத் தொடர்பு விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதோடு, நாங்கள் வேறு ஆட்கள். உங்கள் கல்லூரியில் படித்தவர்கள் கிராம நிர்வாக அலுவலர், காவலர், நடத்துநர், தனியார் பள்ளி ஆசிரியை, கூட்டுறவு வங்கி எழுத்தர், திருப்பூர் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர், ஓசூரில் ஷிஃப்ட் சூப்பர்வைசர், துபாயில் ஸ்டோர் கீப்பர். எங்களிடம் கோடி கிடையாது. குரூப் 4 தேர்வுக்கு வேலை பார்த்துக்கொண்டே எப்படிப் படித்தோம் என்பது இருக்கிறது. எந்த ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது என்பது இருக்கிறது. வாரத்தில் அரை மணி நேரமும் இருக்கிறது.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். நாலைந்து வருஷமாக, தெரிந்த ஒரு விரிவுரையாளர் வழியாக, என் துறைப் பிள்ளைகள் மூன்று பேரோடு ஆண்டுதோறும் பேசி வருகிறேன். பேசுவது இரவு எட்டரைக்கு மேல்தான். ஏனென்றால் கல்லூரி முடிந்து ஒருவன் ஜவுளிக் கடைக்கும் இன்னொருவன் கேட்டரிங் வேலைக்கும் போய்விடுவார்கள். ‘வாழ்க்கையில் உன் லட்சியம் என்ன’ என்றெல்லாம் நான் கேட்பதில்லை. அவர்கள் கேட்பதைக் கேளுங்கள். “அண்ணா, வருஷத்துக்கு 2.4 லட்சம்னா மாசம் இருபதாயிரம் கைக்கு வருமா?” வராது, நம் பி.எஃப். பங்கும் கம்பெனி கட்டும் பங்கும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும் என்று தாளில் கூட்டிக் கழித்துக் காட்டினேன். “ஒரு அரியர் இருக்கு, இன்டர்வியூவுக்குப் போகலாமா?” போ, கேட்டால் உண்மையைச் சொல். “ஷூ இல்லண்ணா.” என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசித்தோம். போன வருஷம் ஒரு பையன் காலை ஆறு மணிக்கே போன் செய்தான். சேருகிற இடத்தில் ஒரிஜினல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்கிறார்களாம், இரண்டு வருஷத்துக்குப் பாண்டும் எழுதிக் கேட்கிறார்களாம். காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள், நகல் மட்டும் கொடு, அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த இடமே வேண்டாம் என்றேன். அன்று மாலை சான்றிதழ் ஃபைலோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். இரண்டு மாதம் கழித்து வேறு இடத்தில் சேர்ந்தான். நான் செய்தது நாலு நிமிடப் பேச்சு.

இன்னொரு பிள்ளையின் கதை எனக்கு இன்னும் வலிக்கிறது. துறையிலேயே முதல் மதிப்பெண். எம்.எஸ்ஸி. எங்கே படிக்கலாம் என்று என்னிடம் கேட்டது மார்ச் மாதத்தில். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் என்று ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம் திறக்கும், பிப்ரவரியில் தேர்வு முடிந்துவிடும். அந்தப் பெயரையே அந்தப் பெண் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது, ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது வந்துவிடலாம். அவளுக்கும் அந்த வாசலுக்கும் நடுவில் இருந்தது ஆறு மாதத் தாமதம் மட்டும்தான். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சீனியர் வகுப்புக்கு வந்து கரும்பலகையில் நாலு தேதி எழுதிவிட்டுப் போயிருந்தால் போதும்.

அதனால்தான் சொல்கிறேன், வழிகாட்டியாகப் பெரிய ஆட்களைத் தேடாதீர்கள். கலெக்டர் ஆன பழைய மாணவரை ஆண்டு விழாவுக்குக் கூப்பிடுங்கள், சந்தோஷம். ஆனால் இறுதியாண்டுப் பிள்ளைக்கு உதவப்போவது இரண்டு வருஷத்துக்கு முன் அதே வகுப்பிலிருந்து போனவன்தான். அவனுக்குத்தான் இன்றைய நேர்முகத் தேர்வில் என்ன கேட்கிறார்கள், எந்த ஏரியாவில் பி.ஜி. விடுதி வாடகை குறைவு, முதல் மாதச் சம்பளம் வரும்வரை எவ்வளவு கையில் வேண்டும் என்று தெரியும். அவனைப் பார்த்துத்தான் “இவனே போயிருக்கிறான், நாமும் போகலாம்” என்று தோன்றும். இன்னொன்றும் உண்டு. நம் பிள்ளைகள் தாங்களாக முதலில் போன் செய்ய மாட்டார்கள். நம்பரைக் கொடுத்து ‘எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு’ என்று சொன்னால், சார் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று நாலு மாதம் தயங்குவார்கள். சீனியர்தான் முதலில் கூப்பிட வேண்டும். ஒருவருக்கு மூன்று மாணவருக்கு மேல் கொடுக்காதீர்கள், எங்களுக்கும் வேலை இருக்கிறது. ஐந்தாவது செமஸ்டரில் தொடங்கினால் தாமதம், மூன்றாவதில் தொடங்குங்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள் என்பது பல கல்லூரிகளில் சாதாரணம். ஆனால் பழைய மாணவர் கூட்டத்தில் அவர்கள் எங்கே? என் வகுப்பில் 17 பெண்கள் இருந்தார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் இரண்டு பேர். கல்யாணத்தோடு போன் நம்பர் மாறியது, ஊர் மாறியது, அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்தது. பழைய பெயரை வைத்துத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அவர்களில் ஒருவர் இன்று அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் என்பது தற்செயலாகத்தான் தெரிய வந்தது. ஆகவே பதிவேட்டில் கல்லூரியில் இருந்த பெயரும் இருக்கட்டும், இப்போதைய பெயரும் இருக்கட்டும். அவரே தேர்ந்தெடுக்கும், நிரந்தரமாக இருக்கக்கூடிய ஒரு மின்னஞ்சலும் இருக்கட்டும். கூட்டத்தை ஞாயிறு முழுநாள் வைத்தால் கைக்குழந்தையோடு வர முடியாது. போனில் அரை மணி நேரம் என்றால் முடியும். படிக்கும் பெண்களுக்குப் படித்து வெளியே போன பெண்களையே வழிகாட்டியாகக் கொடுங்கள். நிறையப் பெண் பிள்ளைகளிடம் இருப்பது அப்பா அல்லது அண்ணன் போன்தான். முன்பின் தெரியாத ஆண் நம்பரிலிருந்து இரவு அழைப்பு வந்தால் அதன் விலையை அந்தப் பெண்தான் கொடுப்பாள். அறிமுகம் எல்லாம் துறை வழியாகவே நடக்கட்டும். பொறுப்பில் ஓர் ஆசிரியை இருக்கட்டும். யாராவது எல்லை மீறினால் புகார் செய்ய வேண்டிய உள்ளகக் குழுவின் பெயர்களும் எண்ணும் முதல் நாளே பிள்ளைகள் கையில் இருக்கட்டும்.

சாதியைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். நம் ஊரில் இளைஞனுக்கு வேலை சொல்லிவிடும் அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. சாதிச் சங்கங்கள் அவை. பழைய மாணவர் குழுக்கள் கவனிக்காமல் விட்டால் அதே கோட்டில் பிளந்துபோகும். என் பேட்ச் குழு மூன்றாக உடைந்தது எதனால் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. எனவே யாருக்கு யார் என்று ஜோடி சேர்ப்பதைத் துறையே செய்ய வேண்டும். படித்த பாடம், போக விரும்பும் வேலை, இந்த இரண்டை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும். சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் இடமே கொடுக்காதீர்கள். ஒரு சேரிப் பிள்ளைக்கு அவன் சாதி தெரியாமலேயே “வா தம்பி, எங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்க” என்று சொல்ல ஓர் ஆள் கிடைப்பது கல்லூரி வழியாக மட்டும்தான் முடியும்.

துணைவேந்தர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்ற பேச்சைப் பல்கலைக்கழகங்கள் பேச வேண்டியதே இல்லை. யாராவது அரசு வேலையில் சேர்ந்தால் அவர் சான்றிதழ் உண்மைத்தன்மை அறிய உங்களிடம்தான் வருகிறது. தனியார் நிறுவனங்களும் சரிபார்க்க எழுதுகின்றன. வெளிநாட்டில் படிக்கப் போகிறவர் டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு உங்கள் தேர்வுப் பிரிவில்தான் நிற்கிறார். எங்கள் பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறான் என்ற செய்தி இப்படித் தினமும் உங்கள் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறது. கோப்பு முடிந்ததும் செய்தியும் முடிந்துவிடுகிறது. பட்டமளிப்பு விண்ணப்பத்திலும் டிரான்ஸ்கிரிப்ட் விண்ணப்பத்திலும், ‘உங்கள் துறை மாணவர்கள் உங்களைத் தொடர்புகொள்ளலாமா’ என்று ஒரு கேள்வி சேருங்கள். ஆம் என்றவர்களின் விவரத்தை அந்தந்தக் கல்லூரித் துறைக்கு அனுப்புங்கள். உயர்கல்வித் துறையின் யூமிஸ் தளத்தில் படிக்கும்போதே ஒவ்வொரு மாணவரின் விவரமும் ஏறுகிறது. படிப்பு முடிந்த பிறகும் அவரே உள்ளே வந்து புதுப்பித்துக்கொள்ள ஒரு பகுதி திறந்துவிடுங்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து, சம்மதம் கேட்டு வாங்குங்கள். விலகிக்கொள்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள். வாங்கிய நம்பர் இன்ஷூரன்ஸ் விற்பவர்களிடம் போய்ச் சேர்ந்தால் ஒருவரும் அடுத்த முறை எடுக்க மாட்டோம்.

சங்கம் பதிவு செய்வது பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்து, ஆண்டுதோறும் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்தால் சரி. பணம் கையாள அது வேண்டும். போன் பேச அது வேண்டியதில்லை. முதலில் பேச்சு தொடங்கட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எங்கள் துறைத் தலைவர் ஒருவர் இதை எல்லாம் தன் சொந்த ஆர்வத்தில் செய்தார். 300 பேருக்கு மேல் கொண்ட குழு, மாதம் ஒரு சீனியர் வகுப்புக்கு வருவார். அவர் மாறுதலாகிப் போனார். குழு அவர் போனோடு போயிற்று. அடுத்து வந்தவருக்குக் கையில் ஒரு தாள்கூட இல்லை. தயவுசெய்து இதை ஒருவரின் நல்ல மனதில் விட்டுவிடாதீர்கள். பட்டியல் துறையின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலில் இருக்கட்டும். பொறுப்பை ஒரு பணியாக எழுத்தில் கொடுங்கள். அதைச் செய்வது கௌரவ விரிவுரையாளர் என்றால் அதற்கென்று தனியாக மதிப்பூதியம் கொடுங்கள். மாறுதலில் போகிறவர் பீரோ சாவியை ஒப்படைப்பது போல அந்தப் பட்டியலையும் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்.

யாழ்ப்பாணத்துப் பள்ளிகளைப் பாருங்கள். போரும் இடப்பெயர்வும் அந்த மக்களை உலகமெல்லாம் சிதறடித்த பிறகும், பல பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கு டொரான்டோவிலும் லண்டனிலும் கிளைகள் இருக்கின்றன. ஊரை விட்டே போக நேர்ந்தவர்கள் பள்ளிக்கூடத்தின் கையை விடவில்லை. பக்கத்து மாவட்டத்தில் வேலை பார்க்கும் நம்மவரை நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுக்குள் இருப்பவர்களில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பின்படி 47 சதவீதம், இந்திய அளவில் 28.4. இதில் 160-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் பங்கு பெரியது. எங்களைப் போன்றவர்களை வாசலுக்குள் கொண்டுவந்தது நீங்கள்தான், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பயிற்சிகளைக் கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பயிற்சி முடிந்த பிள்ளை அடுத்து யாருக்குப் போன் செய்வது என்ற இடத்தில்தான் நான் நிற்கிறேன்.

என் பங்குக்கு, 2003 முதல் 2022 வரை என் துறையில் படித்தவர்களில் தேடிப் பிடித்த 64 பேரின் பட்டியல் தயாராக இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அதில் 11 பேர் பெண்கள், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். என்ன வேலை, எந்த ஊர், எந்த நேரத்தில் பேசலாம் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. துறையின் மின்னஞ்சல் முகவரி ஒன்றைச் சொல்லுங்கள், அன்றே அனுப்பிவிடுகிறேன். இன்னும் சில மாதங்களில் இறுதியாண்டுப் பிள்ளைகள் நோ டியூஸ் படிவத்தோடு அதே ஜன்னலுக்கு வருவார்கள். நூலகம், லேப், விளையாட்டு, என்.எஸ்.எஸ். என்று போகும் அந்தப் படிவத்தில் கையெழுத்துகளுக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
2009-இல் இயற்பியல் முடித்த ஒரு பழைய மாணவன்